குளோன்ஜில்லா: அந்த நீளமான ஃபைல் சிஸ்டம் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பேக்கப் மென்பொருள் எதைத் தரவிறக்கப் போனாலும் முதல் பக்கத்திலேயே ஒரு ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) பட்டியல் கண்ணில் படும். இலவசமாகக் கிடைப்பவற்றில் குளோன்ஜில்லாவின் பட்டியல் ரொம்பவே நீளம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், ஃபேட் வகைகள், எக்ஸ்ஃபேட் எல்லாம் உண்டு. லினக்ஸ் பக்கம் இஎக்ஸ்டி2, 3, 4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ், எஃப்2எஃப்எஸ். மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ், ஏபிஎஃப்எஸ், பிஎஸ்டியின் யூஎஃப்எஸ், விஎம்வேர் சர்வர்களில் இருக்கும் விஎம்எஃப்எஸ் வரை போகிறது. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவாகி, ஜிபிஎல் உரிமத்தில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள்.

பட்டியல் பொய்யில்லை. ஆனால் ஒரு ஃபைல் சிஸ்டத்தின் பெயர் அதில் இருந்தால் அதோடு நிறுத்திவிடாமல் மேலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பார்ட்டிஷனில் டேட்டா இருக்கும் இடங்களை மட்டும் அடையாளம் கண்டு எடுக்குமா? எடுத்ததை வேறு அளவுள்ள டிஸ்க்கில் போட முடியுமா? எடுத்து வைத்த இமேஜுக்குள்ளிருந்து (டிஸ்க்கின் முழு நகலுக்குள்ளிருந்து) ஒரே ஒரு ஃபைலை மட்டும் உருவ முடியுமா? முதலாவதில் குளோன்ஜில்லா கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. இரண்டாவதில் பாதிதான். மூன்றாவதற்கு அதன் மெனுவில் வழியே இல்லை. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு எடுத்த பேக்கப்தான் ரீஸ்டோர் செய்யும் நாளில் கை கொடுக்கும்.

டேட்டாவை எப்படி எடுக்கிறது

திரையில் தெரியும் குளோன்ஜில்லா ஒரு மெனு மட்டுமே. டிஸ்க்கைப் படிப்பது பார்ட்க்ளோன் என்ற கருவித் தொகுப்பு. ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் அதில் தனித்தனி நிரல் உண்டு. எந்த பிளாக் நிரம்பியிருக்கிறது, எது காலி என்று அந்தந்த ஃபைல் சிஸ்டமே ஒரு வரைபடம் வைத்திருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் அது பிட்மேப் என்ற மறைவான ஃபைல், இஎக்ஸ்டி4-இல் பிளாக் குழுவுக்கு ஒரு பிட்மேப், ஃபேட்டில் அந்த ஃபேட் டேபிளேதான். பார்ட்க்ளோன் இந்த வரைபடத்தைப் படித்து, நிரம்பிய பிளாக்குகளை மட்டும் எடுத்துச் சுருக்கி எழுதுகிறது. 1 டிபி டிஸ்க்கில் 120 ஜிபி பயன்பாட்டில் இருந்தால் படிக்கப்படுவது அந்த 120 ஜிபிதான்.

ஃபைல்களைத் திறந்து படிக்காமல் பிளாக்குகளாக எடுப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. லினக்ஸ் ஃபைல்களின் உரிமையாளர், அனுமதி, ஹார்டு லிங்க், விண்டோஸில் கம்ப்ரஸ் செய்த ஃபோல்டர்கள், மாற்று டேட்டா ஸ்ட்ரீம்கள் எல்லாம் இம்மி பிசகாமல் வந்துவிடும். லினக்ஸ் ஹோம் ஃபோல்டரை எக்ஸ்ஃபேட் டிரைவுக்கு இழுத்துப் போட்டு "பேக்கப்" என்று வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளரையும் அனுமதியையும் எழுதி வைக்க இடமே கிடையாது.

பார்ட்க்ளோனுக்குப் புரியாத ஃபைல் சிஸ்டம் வந்தால்? குளோன்ஜில்லா நின்றுவிடாது. டிடி முறைக்கு மாறி, காலி இடமும் சேர்த்து முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே நகலெடுக்கும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதைத் திரையில் சொல்லும் விதம் சரியில்லை. நகல் ஓடும்போது ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் என்டிஎஃப்எஸ் என்றிருக்க வேண்டிய இடத்தில் 'ரா' என்று வரும், அவ்வளவுதான். டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து பார்க்கையில் "எல்லாம் முடிந்தது" என்றுதான் நிற்கும்.

நல்ல வேளையாக, முடிந்த பிறகும் கண்டுபிடிக்கலாம். இமேஜ் ஃபோல்டரைத் திறந்து ஃபைல் பெயர்களைப் பாருங்கள். பார்ட்டிஷன் பெயருக்கு அடுத்த புள்ளிக்குப் பின்னால் என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4, விஃபேட் என்று ஃபைல் சிஸ்டத்தின் பெயர் இருந்தால் பார்ட்க்ளோன் புரிந்துகொண்டு எடுத்திருக்கிறது. அங்கே டிடி என்ற எழுத்துகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்திருக்கிறது. ஒரே விதிவிலக்கு, விண்டோஸ் டிஸ்க்குகளில் இருக்கும் 16 எம்பி மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு பார்ட்டிஷன். அதில் ஃபைல் சிஸ்டமே இல்லாததால் டிடி என்று வருவதுதான் முறை. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் சி டிரைவுக்கு டிடி என்று வந்திருந்தால்தான் விசாரிக்க வேண்டும், பெரும்பாலும் காரணம் கீழே உள்ளதுதான்.

பிட்லாக்கர்

விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்தாலே பல மாடல்களில் டிவைஸ் என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர், தானாக ஆன் ஆகிவிடுகிறது. ஹோம் பதிப்பும் இதில் அடக்கம். உரிமையாளருக்கே தெரியாது. விண்டோஸுக்குள் இருந்து பார்த்தால் சி டிரைவ் என்டிஎஃப்எஸ். வெளியே பென் டிரைவில் பூட் ஆன குளோன்ஜில்லா பார்த்தால் அங்கே என்டிஎஃப்எஸ் இல்லை, பூட்டிய டேட்டா மட்டும்தான். டிடிக்கு மாறிவிடும்.

விளைவுகள் மூன்று. என்கிரிப்ட் ஆன டேட்டா சுருங்காது; அதனால் நிறைந்த 512 ஜிபி டிரைவின் இமேஜும் கிட்டத்தட்ட அதே அளவு இடம் கேட்கும். ரீஸ்டோர் செய்யும் பார்ட்டிஷனை நீட்ட முடியாது, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்றே கருவிக்குத் தெரியாது. வேறு மதர்போர்டில் போட்டால் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் ஒத்துப்போகாமல் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும்; கீ கையில் இல்லாவிட்டால் அந்த இமேஜ் எதற்கும் உதவாது.

வழி இதுதான்: முதலில் ரெகவரி கீயை எடுத்து வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி போய் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். புரோ பதிப்பானால் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குள் "டர்ன் ஆஃப்". உடனே முடிந்துவிடாது, பின்னணியில் நேரம் எடுத்து டிகிரிப்ட் ஆகும். அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் மேனேஜ்-பிடிஇ கட்டளையை ஸ்டேட்டஸ் சுவிட்சுடன் கொடுத்தால் எத்தனை சதவீதம் என்று காட்டும். "ஃபுல்லி டிகிரிப்டட்" என்று வந்த பிறகே ஷட் டவுன்.

இங்கே பலர் சறுக்கும் இடம் "சஸ்பெண்டு" பட்டன். பயாஸ் அப்டேட்டுக்கு முன் அதை அழுத்திப் பழகியவர்கள் இங்கேயும் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். சஸ்பெண்டு செய்தால் சாவி மட்டும்தான் திறந்து கிடக்கும், டிஸ்க்கில் உள்ள டேட்டா பூட்டியபடியே இருக்கும். குளோன்ஜில்லாவுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

பேக்கப் முடிந்ததும் என்கிரிப்ஷனைத் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். இப்போது எடுத்த இமேஜ் பூட்டில்லாமல் வெளி டிரைவில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இமேஜையே கடவுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்யவா என்று குளோன்ஜில்லா கேட்கும். வழக்கமாக எல்லோரும் வேண்டாம் என்று தாண்டிப் போகும் கேள்வி. அலுவலக லேப்டாப் என்றால் தாண்டாதீர்கள்.

லினக்ஸின் லக்ஸ் என்கிரிப்ஷன் நிலைமை பரவாயில்லை. புதிய பதிப்புகள் லக்ஸ் பார்ட்டிஷனைக் கண்டால் கடவுச்சொல் கேட்டுத் திறந்து, உள்ளே உள்ள ஃபைல் சிஸ்டத்தைப் பார்த்து எடுக்கின்றன.

ஷட் டவுன் செய்தும் மூடாத விண்டோஸ்

பிட்லாக்கர் இல்லாத என்டிஎஃப்எஸ்ஸிலும் ஒரு இடைஞ்சல் வரும். "இந்த வால்யூம் சரிபார்ப்புக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது அல்லது சரியாக மூடப்படவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி காட்டி பார்ட்க்ளோன் மறுத்துவிடும். இது குறை இல்லை, சரியான நடத்தை. வரைபடத்தை நம்பித்தான் அது வேலை செய்கிறது. வரைபடமே பாதியில் நின்றிருந்தால் எடுக்கும் இமேஜும் அரைகுறைதான்.

காரணம் பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது ஆனில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் கெர்னல் நிலையை ஹைபர்னேஷன் ஃபைலில் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறது. ஃபைல் சிஸ்டம் முழுதாக மூடப்படுவதில்லை. பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போய்விடும். ஹைபர்னேஷன் ஃபைல் பிடித்திருந்த சில ஜிபி இடமும் திரும்பக் கிடைத்து இமேஜ் சிறியதாகும். நிரந்தரமாக ஆஃப் செய்ய மனமில்லை என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அந்த ஒரு முறை முழுதாக மூடும். அதற்குப் பிறகும் அதே செய்தி வந்தால் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை எஃப் சுவிட்சுடன் ஓட்டி, விண்டோஸை இரண்டு முறை முழுதாக பூட் செய்து மூட வேண்டும்.

குளோன்ஜில்லாவின் கமாண்ட் லைனில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவியும் இருக்கிறது, இணையத்தில் பலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அது சில மேலோட்டமான கோளாறுகளைச் சரிசெய்து, ஜர்னலை (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டை) காலி செய்து, அடுத்த பூட்டில் செக்டிஸ்க் ஓடும்படி குறித்து வைக்கும் கருவி. செக்டிஸ்க் செய்யும் வேலைக்கு அது மாற்று இல்லை. பேக்கப் எடுப்பதற்கு முன் தொட வேண்டிய பொருளே இல்லை.

டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால் அது ஃபைல் சிஸ்டம் பிரச்சினை அல்ல. இன்டெல் லேப்டாப்புகளில் பயாஸில் ஸ்டோரேஜ் ரெய்டு முறையில் இருந்தால் என்விஎம்இ டிரைவ் லினக்ஸுக்குத் தெரியாமல் போகலாம். ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். மாற்றும் முன் விண்டோஸை அடுத்த பூட் சேஃப் மோடில் வரும்படி வைக்காவிட்டால் நீலத்திரை காட்டும்.

லினக்ஸ் பக்கம்: பெயர் ஒன்று, பதிப்பு பல

இஎக்ஸ்டி4 என்பது உறைந்துபோன ஒன்றல்ல. 2023-இல் வந்த இஎக்ஸ்டி4-இன் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.47, புதிதாக ஃபார்மட் செய்யும் டிஸ்க்குகளில் ஆர்ஃபன் ஃபைல் என்ற அம்சத்தை இயல்பாகவே ஆன் செய்கிறது. அதைத் தெரியாத பழைய சரிபார்ப்புக் கருவி "ஃபீச்சர்_சி12-ஐ நான் அறியேன்" என்கிற மாதிரி ஒரு பிழை காட்டி விலகிவிடும். பழைய குளோன்ஜில்லா பென் டிரைவை வைத்துக்கொண்டு புதிய லினக்ஸை பேக்கப் எடுப்பவர்கள், மெனுவில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கச் சொன்னால் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை, பென் டிரைவைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் இதே கதை. தேதிகளை 2038-க்கு அப்பால் கொண்டுபோகும் பிக்டைம் போன்ற அம்சங்கள் பிந்தைய ஃபார்மட் கருவிகளில் இயல்பாக வருகின்றன. பழைய பார்ட்க்ளோனிடம் அவற்றைக் கொடுத்துப் பயனில்லை.

எக்ஸ்எஃப்எஸ்ஸை வளர்க்கலாம், சுருக்குவது நடைமுறையில் முடியாது. சிறிய டிஸ்க்குக்கு மாறப் போகிறவர்கள் இமேஜ் வழியை மறந்துவிட்டு, புதிதாக ஃபார்மட் செய்து ஃபைல்களாகவே நகலெடுப்பது நல்லது. குளோன் செய்த எக்ஸ்எஃப்எஸ்ஸையும் மூலத்தையும் ஒரே கணினியில் மாட்டினால் இரண்டாவது மவுண்ட் ஆகாது, யூயூஐடி என்ற அடையாள எண் ஒன்றாக இருக்கிறது என்று மறுக்கும். பரவாயில்லை, மறுப்பதே பாதுகாப்பு.

பிடிஆர்எஃப்எஸ் அப்படி மறுத்துக் காப்பாற்றும் என்று நம்பி இருக்கக் கூடாது. அது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஃபைல் சிஸ்டமாக நடத்தத் தெரிந்தது. ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க்குகள் கண்ணில் பட்டால் எது எதன் நகல் என்று குழம்பி, தவறான டிஸ்க்கில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. டேட்டா போய்விடும். பிடிஆர்எஃப்எஸ்ஸை நேரடியாக டிஸ்க்குக்கு டிஸ்க் குளோன் செய்தால், முடிந்தவுடன் கணினியை அணைத்து ஒன்றைக் கழற்றிய பிறகே பூட் செய்யுங்கள். இரண்டு மூன்று டிஸ்க்குகளில் பரவிய பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குக் குளோன்ஜில்லா வேண்டாம். அதற்கே உரிய சென்ட், ரிசீவ் கட்டளைகள் இருக்கின்றன.

டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துத் தரும் எல்விஎம் 2 நன்றாக வேலை செய்கிறது. பல டிஸ்க்குகளை ஒன்றாக நடத்தும் மென்பொருள் ரெய்டு வரிசைகள் இயல்பான மெனுவில் வராது.

திரும்பப் போடுதல்

அடிப்படை விதி ஒன்று: போகும் பார்ட்டிஷன், வந்த பார்ட்டிஷனைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. உள்ளே டேட்டா எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில் வராது. 1 டிபி டிஸ்க்கில் 80 ஜிபிதான் இருக்கிறது என்றாலும் 500 ஜிபி எஸ்எஸ்டியில் நேராக இறங்காது.

இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வது 512 ஜிபி எஸ்எஸ்டியோடு வந்த லேப்டாப்புக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள். பெட்டியில் 512 என்று போட்ட டிரைவில் பொதுவாக 512,110,190,592 பைட், 500 என்று போட்டதில் 500,107,862,016 பைட். 12 ஜிபி குறைவு. ரீஸ்டோர் முதல் திரையிலேயே நின்றுவிடும். தீர்வு, இமேஜ் எடுப்பதற்கு முன்பே விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைத் தாராளமாகச் சுருக்கி வைப்பது. பாதிக்கு மேல் சுருங்க மறுத்தால் பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளிகள் போன்றவை நகராமல் குறுக்கே கிடக்கலாம். தற்காலிகமாக ஆஃப் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். ரீஸ்டோர் செய்யும்போது எக்ஸ்பர்ட் முறையில் ஐசிடிஎஸ் என்ற ஆப்ஷனையும் கே1 ஆப்ஷனையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது டிஸ்க் அளவுச் சோதனையைத் தவிர்க்கிறது, இரண்டாவது பார்ட்டிஷன் டேபிளைப் புதிய டிஸ்க்கின் விகிதத்துக்கு வரைகிறது.

பெரிய டிஸ்க்குக்குப் போகிறவர்களுக்கு கே1 அவ்வளவு உகந்ததல்ல. விகிதம் என்றால் எல்லாப் பார்ட்டிஷனும் சேர்ந்து வளரும்; 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனும், கடைசியில் இருக்கும் விண்டோஸ் ரெகவரி பார்ட்டிஷனும் கூட ஒன்றுக்கும் உதவாமல் பருக்கும். இயல்பான கே0 முறையில் போட்டால் எல்லாம் பழைய அளவில் இறங்கி, மிச்ச இடம் டிஸ்க்கின் கோடியில் காலியாக இருக்கும். ஆனால் சி டிரைவுக்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவே ரெகவரி பார்ட்டிஷன் நிற்பதால் டிஸ்க் மேனேஜ்மென்டில் "எக்ஸ்டெண்டு" மங்கலாகவே கிடக்கும். பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் லைவில் பூட் செய்து ரெகவரி பார்ட்டிஷனைக் கோடிக்கு நகர்த்திவிட்டு சி-யை நீட்ட வேண்டும். இரண்டில் கே0 வழியே நம் பரிந்துரை. கூடுதலாக அரை மணி நேரம் போனாலும் டிஸ்க் ஒழுங்காக இருக்கும்.

செக்டார் அளவையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 512 பைட் செக்டார் என்று காட்டும் டிஸ்க்கிலிருந்து எடுத்த இமேஜ், நேரடியாக 4096 பைட் செக்டார் மட்டும் காட்டும் டிஸ்க்கில் வேலை செய்யாது. பார்ட்டிஷன் டேபிளும் என்டிஎஃப்எஸ்ஸின் பூட் செக்டாரும் செக்டார் எண்ணிக்கையில் பேசுபவை. அளவுகோல் மாறினால் எல்லா முகவரியும் தப்பு. கடையில் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டிகளில் இந்தச் சிக்கல் வராது, சர்வர் டிஸ்க்குகளிலும் சில பழைய யூஎஸ்பி உறைகளிலும் வரும். உறைக்குள் வைத்து ரீஸ்டோர் செய்த டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக மாட்டினால் பார்ட்டிஷனே இல்லை என்று வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த உறையைத்தான்.

ஒரே ஒரு ஃபைல் வேண்டும் என்றால்

போன வாரம் அழித்த ஒரு எக்செல் ஃபைலுக்காக முழு டிஸ்க்கையும் யாரும் ரீஸ்டோர் செய்யமாட்டார்கள். குளோன்ஜில்லா மெனு இங்கே கை விரிக்கிறது. கமாண்ட் லைன் வழி ஒன்று இருக்கிறது: ஏஏ, ஏபி, ஏசி என்று துண்டு துண்டாக இருக்கும் இமேஜ் ஃபைல்களை கேட் கட்டளையால் கோத்து, ஜிஜிப் அல்லது இசட்எஸ்டிடி கொண்டு விரித்து, பார்ட்க்ளோன் ரீஸ்டோருக்குக் குழாய் போட்டு, டிஸ்க்குக்குப் பதில் ஒரு ஃபைலில் எழுத வைக்க வேண்டும். இடம் போதுமா என்ற சோதனையைத் தவிர்க்கப் பெரிய எழுத்து சி ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். வந்த ஃபைலை லூப் முறையில் (ஃபைலையே ஒரு டிஸ்க் போல) மவுண்ட் செய்தால் உள்ளே உள்ளதெல்லாம் தெரியும்.

இங்கேயும் ஃபைல் சிஸ்டம் குறுக்கே வரும். அப்படி உருவாகும் ஃபைலின் பெயரளவு அளவு முழுப் பார்ட்டிஷனின் அளவு. இஎக்ஸ்டி4 மாதிரி ஸ்பார்ஸ் ஃபைல் (காலிப் பகுதிக்கு இடம் ஒதுக்காத ஃபைல்) தெரிந்த டிரைவில் எழுதினால் நிரம்பிய பிளாக்குகள் அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். எக்ஸ்ஃபேட் டிரைவில் எழுதினால் 900 ஜிபி பார்ட்டிஷனுக்கு 900 ஜிபியும் வேண்டும். ஃபேட்32-இல் 4 ஜிபியிலேயே நின்றுவிடும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால் ரெஸ்க்யூஜில்லாவைப் பாருங்கள். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது, மவுஸ் வைத்து நடத்தலாம், உள்ளே அதே பார்ட்க்ளோன்தான். குளோன்ஜில்லா இமேஜ்களை அப்படியே படிக்கும், இதில் எடுத்ததை அதில் போடலாம். இமேஜ் எக்ஸ்புளோரர் என்று ஒரு பகுதி இருக்கிறது. இமேஜை மவுண்ட் செய்து ஃபோல்டர்களைக் காட்டும். சுருக்கிய பெரிய இமேஜ்களில் ஆமை வேகம், ஏனென்றால் சுருக்கிய கோப்பின் நடுவில் நேராகக் குதிக்க முடியாது, முன்னாலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். அடிக்கடி ஃபைல் உருவும் தேவை இருப்பவர்கள் சுருக்காமல் இமேஜ் எடுப்பது மேல். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, வீட்டு உபயோகத்துக்கு, ரெஸ்க்யூஜில்லாவே முதல் தேர்வு. லேபில் நாற்பது கணினிக்கு ஒரே நேரத்தில் இமேஜ் இறக்க வேண்டியவர்கள் மட்டும் குளோன்ஜில்லாவின் சர்வர் பதிப்பை விட்டு நகர வேண்டாம்.

எதற்கு ஆகாது

அழிந்த ஃபைலை மீட்க இந்த இமேஜ் உதவாது. அழித்த ஃபைலின் பிளாக்குகள் வரைபடத்தில் காலி என்றுதான் இருக்கும், பார்ட்க்ளோன் அவற்றைத் தொடவே தொடாது. மீட்பு வேலைக்கு முன் நகல் எடுப்பதானால் கியூ1 ஆப்ஷனைத் தேர்ந்து செக்டார் வாரியாக எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க் சத்தம் போடுகிறது, படிப்பதில் பிழை வருகிறது என்றால் அதுவும் வேண்டாம். குளோன்ஜில்லா லைவுக்குள்ளேயே இருக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை மேப் ஃபைலோடு ஓட்டுங்கள். முதலில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தினசரி பேக்கப்புக்கும் இது இல்லை. மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் முறை கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்தும் எடுக்க முடியாது. விண்டோஸுக்குள்ளிருந்தே பேக்கப் எடுக்கும் மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு ஆதரவை இழந்த பிறகு பலர் அதற்குப் பதிலாக இதைத் தேடி வருகிறார்கள். இரண்டும் ஒரே வேலைக்கானவை அல்ல.

விண்டோஸ் 11-இல் புரோகிராமர்களுக்காக வந்த டெவ் டிரைவ், ரீஎஃப்எஸ் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும். அது டிடியாகத்தான் போகும். இசட்எஃப்எஸ்ஸும் அப்படியே. ஏபிஎஃப்எஸ் பட்டியலில் இருந்தாலும் இன்டெல் மேக்குகளோடு சரி. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் இதை பூட் செய்ய எண்ண வேண்டாம், டைம் மெஷினே கதி. ஒன்டிரைவில் "ஆன்லைனில் மட்டும்" என்று மேகக் குறி போட்டிருக்கும் ஃபைல்கள் டிஸ்க்கிலேயே இல்லை, எனவே எந்த இமேஜிலும் வராது.

இமேஜை வைக்கும் டிரைவ்

விண்டோஸிலும் திறக்க வேண்டும் என்றால் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் மட்டும் என்றால் இஎக்ஸ்டி4. எக்ஸ்ஃபேட்டும் வேலை செய்யும், ஆனால் அதில் ஜர்னல் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆடினால் சேதம் பெரிதாக இருக்கும். என்டிஎஃப்எஸ் வெளி டிரைவை விண்டோஸிலிருந்து "சேஃப்லி ரிமூவ்" செய்யாமல் பிடுங்கியிருந்தால் குளோன்ஜில்லாவில் அது எழுத முடியாத நிலையில் மவுண்ட் ஆகலாம். அப்போதும் தீர்வு செக்டிஸ்க்தான்.

மெனுவில் டிவைஸ்-இமேஜ், பிறகு லோக்கல் டிவைஸ், வெளி டிரைவைத் தேர்ந்து ஃபோல்டரைக் காட்டுதல், பிகினர் முறை, சேவ்டிஸ்க் என்று போக வேண்டும். எந்த டிஸ்க் என்று கேட்கும் இடத்தில் பெயரை மட்டும் பார்க்காமல் மாடலையும் அளவையும் பாருங்கள். யூஎஸ்பி டிரைவும் உள் டிஸ்க்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறி வரலாம். முடிந்ததும் இமேஜ் ரீஸ்டோர் ஆகுமா என்று சோதிக்கவா என்ற கேள்விக்கு ஆம் சொல்லுங்கள். நேரம் கூடும், ஆனால் கெட்ட கேபிளையும் செத்துக்கொண்டிருக்கும் வெளி டிரைவையும் அந்தச் சோதனை அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும்.

எந்தப் பதிப்பில் இமேஜ் எடுத்தீர்களோ அந்தப் பதிப்பின் ஐஎஸ்ஓவையும் அதே டிரைவில் போட்டு வையுங்கள். புதிய பதிப்புகள் பழைய இமேஜ்களைப் படிக்கும். ஆனால் பார்ட்க்ளோனின் இமேஜ் வடிவம் நடுவில் ஒரு முறை மாறியிருக்கிறது, சுருக்கும் முறைகளும் கூடியிருக்கின்றன. மேசை டிராயரில் கிடக்கும் பழைய பென் டிரைவில் இன்றைய இமேஜ் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.